ஓடாத வண்டிக்கு இன்சூரன்ஸ்

நவம்பர் 1, சனி

இந்தக் கொப்பியை ஆரணி வாங்கித் தந்தாள். "அப்பா, எங்களிலை பாயிறதை இதுக்குள்ள பாயுங்கோ. பிரஷர் குறையும்" என்றாள். பெற்ற ஒரே மகள் என் கோபத்துக்குக் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் எழுத ஒன்றுமில்லாமல் கொப்பி மேசையில் கிடந்தது. இன்று விஷயம் கிடைத்துவிட்டது.

மத்தியானம் மருமகன் நிரோஜன் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கறுப்பு நிறம், எமனுடைய எருமை அளவு. பின்னால் இரண்டு ஹெல்மெற், ஒரு பெட்டி, ஒரு போர்வை.

"மாமா, எங்கட கொண்டோ மாடிக் கட்டிடத்திலை பார்க்கிங் திருத்துறாங்கள். ஏப்ரல் வரைக்கும் இதை உங்கட கராஜிலை விடலாமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் புவனம், "அதுக்கென்ன தம்பி, விடுங்கோ" என்று சொல்லிவிட்டாள். புவனம் என் மனைவி. இந்த வீட்டில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு அவள்தான் பதில் சொல்வது வழக்கம்.

எங்கள் கராஜ் ஒரு கார் நிற்கும் அளவு. அந்தக் கார் என்னுடையது. அரிசி மூட்டை, வெங்காயச் சாக்கு, பனி அள்ளும் சவள் எல்லாவற்றையும் அங்குமிங்கும் தள்ளிப் பார்த்தோம். இரண்டுக்கும் சேர்த்து இடம் வரவில்லை. கடைசியில் வெளியே போனது கார். ஸ்காபரோவில் இனி ஏப்ரல் வரை பனி. நான் விடிய எழும்பிக் காரைத் தோண்டி எடுக்க, எருமை உள்ளே போர்வை போர்த்துக்கொண்டு நித்திரை கொள்ளும். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிய கதை.

ஆரணி கூட வரவில்லை. வேலையாம். அவள் வேலை செய்யும் பல் கிளினிக் சனிக்கிழமையில் பூட்டு என்றுதான் எனக்கு ஞாபகம்.

நவம்பர் 5

ஓடாத வண்டிக்கு இன்சூரன்ஸ் வேண்டுமாம்.

காலையில் தயாளன் போன் எடுத்தார். தயாளன் எங்கள் இன்சூரன்ஸ் புரோக்கர். வருடா வருடம் அவர் அடித்துத் தரும் கலண்டர்தான் எங்கள் சமையலறையில் தொங்குகிறது. மேலே முருகன், கீழே தயாளன். இருவரும் சிரிக்கிறார்கள். முருகன் மட்டும் காசு கேட்பதில்லை.

"அண்ணை, உங்கட மருமகன் குளிர் காலத்துக்கு ரோட்டிலை ஓடுறதுக்கான இன்சூரன்ஸை, ரோட்டுக் கவரை, நிப்பாட்டச் சொல்லியிருக்கிறார். நெருப்புக்கும் களவுக்கும் மட்டும் வைச்சிருப்பம். வண்டி நிக்கிற இடம் உங்கடை எண்டபடியால் சில கேள்வி."

சில கேள்வி! கராஜுக்குப் பூட்டு இருக்கிறதா, திறப்பு யாரிடம், வீட்டில் எத்தனை பேர் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள், உள்ளே பெற்றோல் கான் இருக்கிறதா. அந்த வண்டி ஒரு அங்குலம் அசையப் போவதில்லை. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை. கடைசியாக ஒன்று கேட்டார்.

"கராஜிலை சமைக்கிறனீங்களோ?"

சமைக்கிறோம்தான். மீன் பொரித்தால் வீடு முழுக்க மணக்கும், உடுப்பெல்லாம் மணக்கும் என்று இந்த ஊரில் பாதித் தமிழ் வீடுகளில் அடுப்பு கராஜில்தான். அதை எடுக்க வேண்டுமாம். வண்டி நிற்கும் இடத்தில் நெருப்பு கூடாதாம்.

"ஏப்ரல் வரைக்கும் எனக்கு மீன் பொரியல் இல்லையோ?"

"அவிச்சுச் சாப்பிடுங்கோ அண்ணை, பிரஷருக்கும் நல்லது. இன்னொண்டு. ரோட்டிலை ஒரு அடி ஓடினாலும் கவர் இல்லை. வேற இடத்திலை நிண்டு களவு போனாலும் இல்லை. உங்கட கராஜ், உங்கட விலாசம், அவ்வளவுதான்."

புவனத்திடம் சொன்னேன். சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேரே போய் அடுப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். எனக்காக ஒரு நாளும் எதையும் கழற்றாதவள்.

நவம்பர் 15, சனி

நிரோஜன் வந்தான். குளிரில் பற்றரி செத்துவிடாமல் மின்சாரம் ஊட்ட ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்து பூட்டினான். பூட்ட ஐந்து நிமிடம். சாப்பிட ஒரு மணித்தியாலம். மூன்று முறை சோறு போட்டாள் புவனம், மூன்று முறையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கழுத்தெலும்பு தெரிகிறது.

"ஒவ்வொரு சனியும் வந்து பாக்கவேணும் மாமா."

"எதைப் பார்க்கிறது? பெட்டியிலை பச்சை லைற் எரியுது. எனக்கே தெரியுது."

"இல்லை மாமா, பாக்கவேணும்."

போகும்போது புவனம் நண்டுக் கறியும் புட்டும் இரண்டு பேருக்குக் கட்டிக் கொடுத்தாள்.

நவம்பர் 17

ஆரணியிடம் போனில் நண்டுக் கறி எப்படி என்று கேட்டேன். "எந்த நண்டு?" என்றாள். பிறகு, "ஓ, அது. நல்லா இருந்தது" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைச் சாப்பிட்டோம் என்றே ஞாபகம் இல்லை. புவனத்தின் நண்டை மறந்தவளைப் பற்றி என்ன எழுதுவது.

நவம்பர் 29

முதல் பெரிய பனி. காரைத் தோண்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது. கராஜுக்குள் போய்ப் பார்த்தேன். எருமைக்குப் போர்வை ஒரு பக்கம் விலகியிருந்தது. இழுத்துவிட்டேன். அது வேறு.

டிசம்பர் 3

தயாளன் மறுபடியும். அந்த மனிதருக்கு வேறு வாடிக்கையாளர் இல்லையா?

"அண்ணை, கடதாசியளை எங்கை அனுப்பிறது? கராஜ் உங்கட. ஆனா மருமகன் இருக்கிற விலாசம் மார்க்கம் றோட்டிலை ஒரு பேஸ்மென்ற் எண்டெல்லோ கிடக்கு. செப்டெம்பரிலையே மாத்தினவர்."

கலண்டரில் அவருடைய சிரிப்பைப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம் ஓம், தெரியும்" என்றேன்.

இன்சூரன்ஸ்காரர்கள் எதைத்தான் ஒழுங்காக எழுதினார்கள்? கலியாணம் கட்டிய பிறகு ஆரணி தன் பெயருக்குப் பின்னால் நிரோஜன் என்று போட்டுக்கொண்டாள். நிரோஜனுடைய பெயருக்குப் பின்னால் அவனுடைய அப்பாவின் பெயர். இவர்கள் புருசன் பெண்சாதிதானா என்று போன வருடம் முழுக்க இந்தக் கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. விலாசமும் அப்படித்தான் குழம்பியிருக்கும்.

உறுதி செய்வதற்காக ஆரணிக்குப் போன் எடுத்தேன்.

"நிரோஜன் எங்கை பிள்ளை?"

"குளிக்கிறார் அப்பா."

குளிக்கிறான் என்றால் கொண்டோவில்தான் இருக்கிறான். பிழை தயாளனுடையது. புவனத்திடம் இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. பிரஷர் மாத்திரையை இரண்டு முறை போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

டிசம்பர் 4

காரைத் தோண்டினேன்.

டிசம்பர் 13, சனி

வண்டி ஒரே இடத்தில் நின்றால் ரயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடுமாம். நிரோஜனும் நானும் அதை ஒரு முழம் முன்னே தள்ளி, அரை முழம் பின்னே தள்ளினோம். இதற்காக மனிதன் இரண்டு பஸ் மாறி வருகிறான். குளிரில் காது சிவந்திருந்தது. தொப்பி இல்லையா என்று கேட்டேன். "வீட்டிலை விட்டிட்டன்" என்றான். எந்த வீட்டில் என்று என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"கொண்டோவிலை பார்க்கிங் வேலை எப்பிடிப் போகுது?" என்று கேட்டேன்.

"நடக்குது மாமா."

"சரியான தூசியா இருக்குமே."

"ஓம் மாமா. சரியான தூசி."

இல்லாத தூசியைப் பற்றி இருவரும் கொஞ்ச நேரம் கதைத்தோம். அவன் குனிந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டான். நல்ல பிள்ளை. இதை நான் அவனுடைய முகத்துக்கு முன்னால் சொல்லப் போவதில்லை.

டிசம்பர் 25

ஆரணி தனியே வந்தாள். நிரோஜனுக்கு வேலையாம். நத்தாருக்கு எந்தக் கந்தோர் திறந்திருக்கிறது? நான் கேட்கவில்லை. புவனமும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் பொய் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதோடு சரி.

வெங்காயம் எடுத்து வருகிறேன் என்று ஆரணி கராஜுக்குப் போனாள். சமையலறை அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்துவிட்டது, ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தேன். போர்வையை விலக்கிவிட்டு, எருமையின் பின் சீற்றில் தன்னுடைய ஹெல்மெற்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்தாள்.

"வெங்காயம் எடுக்க வந்தனான் அப்பா."

"வெங்காயம் அங்காலை" என்றேன்.

இதைவிட நல்லதாக எதையாவது சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 14

பொங்கிச் சாப்பிட்டு முடிந்ததும் புவனம் வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கும் தெரியும் என்ன?"

"எது?"

"நடிக்காதேங்கோ. டிசம்பர் தொடங்கினதிலையிருந்து நீங்கள் கறியிலை உப்பில்லை எண்டு ஒரு நாளும் கத்தேல்லை."

அவளுக்கு ஒக்டோபரிலேயே தெரியுமாம். "அப்பாட்டைச் சொல்லாதேங்கோ, பிரஷர்" என்று மகள் சொல்லியிருக்கிறாள். நான் புவனத்துக்காக மறைக்க, புவனம் எனக்காக மறைக்க, மகளும் மருமகனும் எங்கள் இருவருக்காகவும் மறைக்க, ஒரு முழுப் பூசணிக்காயை நாலு பேர் நாலு கோப்பைச் சோற்றில் மூடி வைத்திருக்கிறோம்.

விஷயம் இதுதான். போன வசந்தத்தில் நிரோஜனுக்கு வேலை போய்விட்டது. அவன் ஆரணிக்குச் சொல்லவில்லை. கோடை முழுக்க, காலையில் கந்தோருக்குப் போகும் உடுப்போடு இந்த மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய், எங்கேயோ ஏரிக்கரையில் இருந்துவிட்டுப் பின்னேரம் வந்திருக்கிறான். கிளினிக்குக்குப் பல் பிடுங்க வந்த ஒருவர், அவனோடு வேலை செய்தவர், "நிரோஜனுக்கு வேற வேலை கிடைச்சுதோ?" என்று ஆரணியிடம் கேட்டிருக்கிறார். அவருக்குப் பல் போனது, எங்களுக்குக் குடும்பம். அன்று இரவே அவனை வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

"வேலை போனதுக்கு இல்லையாம் கோவம்" என்றாள் புவனம். "ஒவ்வொரு நாளும் இண்டைக்கு வேலை எப்பிடி எண்டு கேட்டனான் அம்மா, ஒவ்வொரு நாளும் நல்லம் எண்டு சொன்னவர் எண்டு அழுகிறாள்."

"பொய் சொல்ல வேணும் எண்டு சொல்லியிருக்கமாட்டான். பயத்திலை சொல்லாமல் விட்டிருப்பான்" என்றேன்.

"குளிக்கிறார் எண்டு உங்களுக்குச் சொன்னதை மகள் எனக்கும் சொன்னவள், அதுவும் அப்பிடித்தான்" என்றாள் அவள். பிறகு, "இண்டைக்குப் பொங்கல்லை சக்கரை காணாது, அதுக்கும் கத்தேல்லை நீங்கள்" என்றாள்.

பெப்ரவரி 7, சனி

கராஜில் நிரோஜன் சொன்னான், ரயரைப் பார்த்துக்கொண்டு: "மாமா, எனக்குக் கல்கரியிலை வேலை கிடைச்சிருக்கு. மே மாதம் தொடக்கம்."

கல்கரி என்றால் விமானத்தில் நாலு மணித்தியாலம். அவன் சொன்னதை எழுதுகிறேன். ஏப்ரல் முதலாம் திகதி ரோட்டுக் கவரைத் திரும்பப் போடச் சொல்லப் போகிறானாம். வண்டியை எடுத்து ஒரு முறை ஓடிப் பார்த்து, லொறியில் ஏற்றி அனுப்பிவிடுவானாம். "உங்கட காரும் உள்ளை வரலாம்" என்றான். பெரிய உபகாரம்.

"ஆரணி?" என்று கேட்டுவிட்டேன்.

கையிலிருந்த துணியை மடித்தான். "ரெண்டு தரம் கதைக்கப் போனனான் மாமா. வாசலிலை நிண்டு எனக்குச் சொல்லு வரேல்லை. அவ கதவைச் சாத்திப்போட்டா."

தூசியைப் பற்றி இன்று யாரும் கதைக்கவில்லை.

அவனுக்கு இந்த வீட்டுக்கு வர இருக்கும் ஒரே காரணம் இந்த வண்டி. இது போனால் சனிக்கிழமை இல்லை, இரண்டு பஸ் மாறி வருவது இல்லை, ஆரணி வெங்காயம் எடுக்கப் போய் இருக்கவும் ஒரு சீற் இல்லை. எருமை கட்டையில் நிற்கும் வரைதான் கயிறு. எனக்கு அவன் போவது பிடிக்கவில்லை. என் மகள் இருபத்தொன்பது வயதில் எனக்கு முன்னால் சிரித்துச் சிரித்து வெறுமையாகப் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

பெப்ரவரி 9

தயாளனுக்கு நானே போன் எடுத்தேன். ஏப்ரல் முதலாம் திகதி வேண்டாம், பனி இருக்கும் என்றேன். "பொலிசி உங்கட பேரிலை இல்லையே அண்ணை" என்றார். இன்றைக்கு மட்டும் சட்டம் தெரிந்துவிட்டது அவருக்கு.

மார்ச் 14, சனி

சமையலறைக் கலண்டரைக் கழற்றிக்கொண்டு கராஜுக்குப் போனேன்.

"தம்பி, ஏப்ரல் முதலாம் திகதி சரிவராது. கரிநாள்."

"அப்ப ரெண்டாம் திகதி?"

"அட்டமி. மூண்டு நவமி. அதுக்குப் பிறகு சனி, வாகனத்துக்குக் கூடாது. பிறகு சந்திராட்டமம்."

"ஆற்றை ராசிக்கு மாமா?"

"வண்டியின்ரை ராசிக்கு."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். கதவோரம் நின்று கேட்ட புவனம், நான் வீட்டுக்குள் வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "எங்கட கலியாணத்துக்கே ராகுகாலத்திலை வெளிக்கிட்ட மனிசன். உங்களுக்கு எப்ப தொடக்கம் கரிநாள்?"

"வயசு போனால் பக்தி வரும்."

"உங்களுக்கு வந்தது பக்தி இல்லை" என்றாள். ஆனால் கலண்டரை என் கையிலிருந்து வாங்கி, தானும் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். "வருசப் பிறப்புத்தான் நல்ல நாள். அதுக்கு முதல் ஒண்டும் இல்லையெண்டு தம்பியிட்டைச் சொல்லுங்கோ."

முப்பது வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இது இரண்டாவது தடவை. முதலாவது எது என்று ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 2

வெயில். பனி கரைந்து இரண்டு கிழமை ஆகிறது. இந்த வருடம்தான் பார்த்து நேரத்தோடு கரைய வேண்டும்!

தயாளன் போன் எடுத்தார். நிரோஜன் பதினான்காம் திகதி என்று சொல்லிவிட்டானாம். "பதின்மூண்டு முடிஞ்சு பதினாலு பிறக்க, இரவு பன்னிரண்டு ஒரு நிமிசத்துக்கு ரோட்டுக் கவர் தொடங்குது அண்ணை. வருசப் பிறப்பு நல்ல நாள்தானே."

"நீர் இன்சூரன்ஸோ சாத்திரமோ?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 11

வருடப் பிறப்பு பதினான்காம் திகதி விடியப்புறம் மூன்றரைக்கு என்று கலண்டர் சொல்கிறது. புவனம் விரலை மடித்தாள். "அது ஊர் நேரம். ஒன்பதரை மணித்தியாலம் கழிச்சால் இஞ்சை பதின்மூண்டு பின்னேரம் ஆறு மணி." ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு விரதத்துக்கும் இந்த நாட்டில் எங்களுக்கு இந்தக் கணக்குத்தான். நானும் கழித்துப் பார்த்தேன். கணக்குச் சரி.

"பின்னேரம் ஆறு மணி வசதி. வேலை முடிஞ்சு வரலாம்" என்றாள்.

"ஆர் வரலாம்?"

அவள் போனை எடுத்தாள். ஒரு போனில் நிரோஜனை வரச் சொன்னாள், வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து எடுக்க. இன்னொரு போனில் ஆரணியை வரச் சொன்னாள், வருடப் பிறப்புக்கு மூலிகை அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்து முழுக. ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 14

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆறு மணிக்கு முன்னமே ஆரணி வந்து, மருத்துநீர் வைத்து முழுகி, ஈரத் தலையோடு முன் வாசலுக்கு வந்தாள். வாசலில் நிரோஜன். நான்தான் ஏதோ களவு செய்தவன் மாதிரி வேர்த்துக்கொண்டு நின்றேன்.

எருமையை வெளியே தள்ளினோம். புவனம் திருநீறு பூசி, கற்பூரம் காட்டி, இரண்டு ரயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். நிரோஜன் ஸ்ராட் பண்ணினான். குளிர் முழுக்கப் பச்சை லைற்றைப் பார்த்தது வீண் போகவில்லை, ஒரே தட்டில் உறுமியது. பழங்கள் நசிந்தன. டிரைவ்வே முழுக்க எலுமிச்சை வாசம்.

"ஒருக்காப் பிள்ளையார் கோயிலைச் சுத்திப்போட்டு வாங்கோ" என்றாள் புவனம். "முதல் ஓட்டம் தனியப் போகக்கூடாது. பிள்ளை, நீயும் ஏறு."

அப்படி ஒரு சாத்திரத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆரணியும் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். தாயைப் பார்த்தாள். பிறகு கராஜுக்குள் போய்த் தன் ஹெல்மெற்றை எடுத்து வந்து ஏறினாள். அவனைப் பற்றிப் பிடிக்காமல், பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போனார்கள்.

எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். உள்ளே வந்து தேத்தண்ணீரோடு கலண்டருக்கு முன்னால் நின்றேன். தயாளன் சிரித்தார். அவருடைய படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். "நேரங்கள் யாவும் ரொறன்ரோ நேரப்படி."

அப்படியென்றால் ஏற்கெனவே கழித்ததை நாங்கள் திரும்பவும் கழித்திருக்கிறோம். அப்படியென்றால் வருடம் இன்னும் பிறக்கவில்லை. அது பிறக்கட்டும், பிறக்காமல் போகட்டும். வருடம் பிறந்துவிட்டது என்ற நினைப்பில் நிரோஜனும் நானும் திகதியை மறந்துவிட்டோம், இன்றைக்குப் பதின்மூன்று! ரோட்டுக் கவர் இரவு பன்னிரண்டுக்குத்தான். என் மகளும் மருமகனும் இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு லொறி இடித்தால்? பொலிஸ் மறித்தால்? கோப்பை கையிலிருந்து விழுந்தது.

ஆரணியின் போன் பல தடவை அடித்தபிறகு எடுத்தாள்.

"எங்கை நிக்கிறியள்?"

"கிங்ஸ்ரன் றோட்டிலை ஒரு டோனட் கடை அப்பா. கோயிலுக்குப் போட்டு, குளிருது எண்டு கோப்பி—"

"வண்டியை அசைக்காதேங்கோ! ஒரு அடி ஓடக்கூடாது! இன்சூரன்ஸ் நாளைக்குத்தான் தொடங்குது!"

பிறகு தயாளனுக்குப் போன் எடுத்தேன். கோயிலில் நின்றார், பின்னால் மணி அடித்தது. "என்ன அண்ணை, நான் அடிச்ச கலண்டரிலை வடிவாப் போட்டிருக்கே ரொறன்ரோ நேரம் எண்டு! இப்ப ஒண்டும் மாத்தேலாது, கந்தோர் பூட்டு. பன்னிரண்டுக்குப் பிறகு ஓடட்டும். அதுவரைக்கும் வண்டியைத் தனிய விடவும் வேண்டாம். களவுக் கவர் உங்கட கராஜுக்குத்தான், டோனட் கடைக்கு இல்லை."

திரும்ப ஆரணிக்கு எடுத்துச் சொன்னேன். "பன்னிரண்டு மணி வரைக்கும் ஒராள் வண்டிக்குக் காவல் நிக்கவேணும். நான் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வாறன்."

கடைக்குள் யாரோ கோப்பி கேட்கும் சத்தம் வந்தது.

"வேண்டாம் அப்பா" என்றாள். "நானும் நிக்கிறன்."

ஒன்பது மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டையும் எருமையின் போர்வையையும் எடுத்துக்கொண்டு காரில் போனேன். கடைக் கண்ணாடிக்குள் இருவரும் ஒரு சின்ன மேசையில் எதிரும் புதிருமாக இருந்தார்கள். நிரோஜன் கதைத்துக்கொண்டிருந்தான். குளிர் முழுக்க "ஓம் மாமா, இல்லை மாமா" என்றதைத் தவிர வாய் திறக்காதவன், இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு நிறுத்தாமல் கதைத்தான். ஆரணி அழுதாள். எழும்பிப் போகவில்லை. போகவும் ஏலாது, வாசலில் வண்டி நிற்கிறது. வாசற்படியில் வராத சொல்லெல்லாம் இன்சூரன்ஸ் இல்லாத இடத்தில் வருகிறது. இதற்காக நான் ஒரு குளிர் காலம் முழுக்க மீன் பொரியல் இல்லாமல் இருந்திருக்கிறேன்.

உள்ளே போகவில்லை. போர்வையை வண்டிக்குப் போர்த்து, சாப்பாட்டுப் பையைக் கைபிடியில் கொழுவிவிட்டு வந்துவிட்டேன்.

பன்னிரண்டரை போல உறுமல் கேட்டது. யன்னலால் பார்த்தேன். இந்த முறை அவள் கம்பியைப் பிடித்திருக்கவில்லை. வந்ததும் நிரோஜன், "சொறி மாமா" என்றான். "பேய்க் குளிரிலை நிக்காமல் உள்ளை வாரும்" என்று கத்தினேன். நல்ல சத்தமாக. நெடுநாளைக்குப் பிறகு.

இன்று காலை கலண்டரைப் புவனத்திடம் நீட்டினேன். "கீழை என்ன எழுதிக் கிடக்கெண்டு பார். கண் தெரியாமல் கணக்குப் பாத்தால் இப்பிடித்தான்."

அவள் தோசையைத் திருப்பினாள். "எனக்குக் கண் வடிவாத் தெரியும். விடியப்புறம் மூண்டரைக்கு எண்டால் ரெண்டு பேரும் வந்திருப்பினமே?"

வருடத்தையே ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்கு இழுத்தவளோடுதான் இத்தனை காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். தோசையில் உப்பு இல்லை. கத்தினேன்.

ஏப்ரல் 18, சனி

நிரோஜன் வந்தான். பஸ்ஸில் இல்லை, ஆரணியின் காரில், ஆரணியோடு. கல்கரிக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லையாம். இங்கேயே ஒரு இடத்தில் கேட்டிருக்கிறானாம். இரண்டும் சரிவராவிட்டால் என்ன என்று நான் கேட்க, "சரிவராட்டி உங்களுக்கும் இவவுக்கும் முதல் சொல்லுறன் மாமா" என்றான். ஆரணி அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் பார்த்தாள்.

தயாளன் காலையிலேயே போன் எடுத்திருந்தார். "அண்ணை, உங்கட மருமகன் கடதாசி விலாசத்தைத் திரும்பவும் கொண்டோவுக்கு மாத்தச் சொல்லுறார்." ஊரார் விலாசத்தையெல்லாம் எனக்கு ஏன் சொல்கிறீர் என்று பாய்ந்தேன். பாய்ந்த பிறகு, இன்னொரு தடவை சொல்லும் என்றேன். சொன்னார்.

எனக்கு இனிக் கராஜ் கிடைக்கும் என்று சவளைத் தூக்கி மூலையில் வைத்தேன். அடுப்புப் பெட்டியையும் அவிழ்த்தேன். நிரோஜன் வந்து எருமைக்குப் பக்கத்தில் நின்றான். பச்சை லைற்றைப் பார்த்தான். ஓடுகிற வண்டிக்கு அந்தப் பெட்டி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

"மாமா" என்றான், ரயரைப் பார்த்துக்கொண்டு. "கொண்டோவிலை பார்க்கிங் இன்னும் திருத்தி முடியேல்லை. இது கொஞ்ச நாள் இஞ்சையே நிக்கலாமோ? சனிக்கிழமையிலை வந்து பாக்கிறன்."

வெளியே கார் வெயிலில் நின்றது. அடுப்பைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தேன்.

"அவசரமில்லை தம்பி" என்றேன். "அவங்கள் ஆறுதலாத் திருத்தட்டும்."